ஊர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹரிசாண்டல் ஃபால்ஸ் என்ற கடல் அருவிக்குள் படகு பாயும் வீடியோவை, "2028-க்கு அப்புறம் விடமாட்டார்கள், அதற்குள் போய்விடுங்கள்" என்று நம் குழுவில் போட்டதும், படகு வேண்டாம் என்று கேட்கும் பூர்வகுடிகளின் நம்பிக்கையை கீழே நம் பெர்த் தமிழர்களே "மூடநம்பிக்கை" என்று சிரித்ததும் எல்லோரும் பார்த்ததுதான்.

எதையும் மூடவில்லை. கிம்பர்லி கடற்கரையில், டால்பட் விரிகுடாவில், கடல் பத்து மீட்டர் வரை ஏறி வற்றும். அவ்வளவு தண்ணீரும் இரண்டு பாறை இடுக்குகள் வழியே போயாக வேண்டும், அதனால்தான் கடலே அருவி போலப் பாய்கிறது. அந்த இடுக்குக்குள் படகை விடாதீர்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். தள்ளி நின்று பார்க்கலாம், விமானத்திலிருந்தும் பார்க்கலாம். சொல்வது அந்தக் கடலுக்கும் கரைக்கும் உரிய டம்பிமங்காரி பூர்வகுடி மக்கள். ஊர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அங்கே சுற்றுலாவை நம்பியவர்களின் வேலை போய்விடும் என்கிறீர்கள். படகும் விமானமும் ஓடத்தானே போகின்றன? காசு கொடுத்துத்தானே போகிறோம் என்கிறீர்கள். ஊரில் உங்கள் குலதெய்வக் கோயிலுக்குள் காசு கொடுத்தவர் செருப்போடு போனால் விடுவீர்களா? சரி, நம்பிக்கையை விடுங்கள். 2022 மே மாதம் அங்கே படகு விபத்தில் அத்தனை பேர் காயப்பட்டார்களே, அதுவும் மூடநம்பிக்கையா?

போன ஜூலையில் அதே கிம்பர்லியில் கிப் ரிவர் ரோட்டில் போனோம். 660 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்ரோடு. இரண்டு டயர் போச்சு, காதுக்குள்கூடச் செம்மண். பாறை ஓவியம் காட்ட வந்த பூர்வகுடிப் பெரியவர் எங்களை நிறுத்திவிட்டு, பாறையைப் பார்த்துத் தன் மொழியில் உரக்கப் பேசினார். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். அதற்குப் பிறகுதான் எங்களை விட்டார். மேலே பாறையில் வாயில்லாத வாண்ட்ஜினா, அவர்களுடைய மழைத் தெய்வம், பெரிய கண்களோடு. என் எட்டு வயசு மகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

நடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் உலுரு பாறையில் ஏறாதீர்கள் என்று அந்த மண்ணின் அனங்கு மக்கள் எத்தனை வருஷம் பலகை வைத்துக் கேட்டார்கள்! 2019 அக்டோபரில் தடை வரும்வரை அடிவாரத்தில் வரிசை நின்றது. அந்தப் படத்தைப் பார்த்து "இவர்களுக்கு மனசே இல்லையா" என்று நாமும்தானே பேசினோம்?

"நீ என்ன அவர்கள் ஆளா?" என்று உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள் அண்ணா. பதினோரு வருஷமாகப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், நீங்கள் கேட்டதுதான் வலிக்கிறது. நான் அவர்கள் ஆள் இல்லை. அவர்கள் மண்ணில் விருந்தாளி. நீங்களும்தான்.

ஆகஸ்ட் பயணத்தில் அந்தப் படகுச் சவாரியிலிருந்து எங்கள் நாலு பேர் பெயரையும் எடுத்துவிடுங்கள். விமானத்தில் பார்ப்பதென்றால் வருகிறோம்.