கடலுக்குப் போகும் தண்ணீரும் கணக்கில் வரட்டும்

மேட்டூர் நிரம்பினால் போதும், எங்கள் வீட்டில் ஒரு புலம்பல் ஆரம்பித்துவிடும். "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே!" புலம்புவது என் வீட்டுக்காரர். டிவியைப் போட்டாலும் அதே பேச்சு, கட்சி மேடையிலும் அதே பேச்சு. நானும் மன்னார்குடிக்காரிதான், பாமணியாற்றுப் பாசன நெல்லைத் தின்று வளர்ந்தவள்தான். ஆனாலும் ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு இரண்டு பேருமாகப் படகில் போய்வந்த பிறகு சுத்தமாக முடியவில்லை.

ஜாம்புவானோடையில் காலையிலேயே மோட்டார் படகு ஏறினோம். (போகிறவர்கள் கவனிக்க: வனத்துறை அனுமதி வேண்டும், சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள், குடை கட்டாயம்.) கல்லணையில் பிரிகிற வெண்ணாறு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற இடத்தில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிகிறதே, அந்த இரண்டும் கடைசியில் வந்து விழுவது இங்கேதான். "நம்ம ஊர்ல துணி துவைச்ச சோப்புத் தண்ணியெல்லாம் இங்கதான் வருதா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். சோப்புத் தண்ணீர் மட்டுமா, வயலில் வடித்தது, உரம், வண்டல் எல்லாமும்தான்.

ஆற்றை விட்டு லகூனுக்குள், அதாவது கடலை ஒட்டிய காயலுக்குள், நுழைந்ததும் கரை எங்கேயோ போய்விடுகிறது. பார்த்தால் கடல் மாதிரி, ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. படகோட்டி அண்ணன் இன்ஜினை அணைத்து விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். மரத்தோரம் வந்ததும் ஒரு இலையைப் பறித்துக் கொடுத்து, "நக்கிப் பாருங்கம்மா" என்றார். இலையில் பொடிப் பொடியாக உப்பு. வேரால் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. அடிமரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்த மாதிரி சுவாச வேர்கள், காலை வைக்க இடமில்லை.

இவ்வளவு உப்பைத் தாங்குகிற மரத்துக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் ஆறு வறண்டு, தேங்கிய உப்புநீர் மேலும் சுண்டிப்போனால் மரம் குட்டையாகிறது, கன்று பிழைப்பதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் இந்தக் காடு பட்ட பாடு டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். வனத்துறை மீன்முள் மாதிரி கிளை பிரிகிற வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து கன்று வளர்க்கிறது. சரி, நல்ல வேலை. ஆனால் மேலிருந்து ஆற்றுத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலில் ஏறி இறங்குவது உப்பு மட்டும்தானே? "மழைத் தண்ணி எறங்குனாத்தாம்மா எங்களுக்கு இறாலு, மடவை, கொடுவா எல்லாம்" என்றார் அண்ணன். ஆற்றில் நன்னீர் இறங்காத இடத்தில் கடலும் சும்மா இருக்காது. உப்புத் தண்ணீர் ஆற்று வழியே மேலேறி, கரையோர போர்வெல் வரைக்கும் வந்துவிடும்.

வெள்ளக் காலத்தில் உபரி நீர் பெரும்பாலும் கொள்ளிடம் வழியாகப் போய்விடுகிறது என்பது உண்மை. முத்துப்பேட்டைக்கு வருவது வயல் வடிகாலும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான். கொள்ளிடத்தில் தடுப்பணை கட்டட்டும், ஏரி குளத்தை நிரப்பட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆற்றின் கடைசிப் பகுதியும் ஆறுதான் என்பதையே மறந்து பேசுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

காவிரி நடுவர் மன்றம்கூட மறக்கவில்லை. 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 என்று தனியாக ஒதுக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419-லிருந்து 404.25 ஆகக் குறைத்தபோதும் அந்த 14-ல் கை வைக்கவில்லை. வருஷா வருஷம் தூர்வாரும் கணக்கு வெளியிடுகிறார்களே, கோடையில் லகூனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

"மொதல்ல கடைமடைக்கு வரட்டும், அப்புறம் உன் காட்டுக்கு" என்கிறார் வீட்டுக்காரர். கடைமடை வயலுக்குக் கீழேதான் காடு இருக்கிறது, அங்கே வந்தால்தான் வடிந்து இங்கேயும் வரும். ஆக, அவர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சிதான்.