குளத்தில் மயில்துத்தம் கொட்டலாமா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளம் போன வாரத்திலிருந்து பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் கிடக்கிறது. "மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கொட்டினால் ரெண்டு நாளில் தெளிந்துவிடும்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் யோசனை சொன்னார். வரிசையாகக் கட்டைவிரல்கள். தெளியும்தான். எனக்குப் பயமே அதில்தான்.

ஒரு பாட்டிலில் மொண்டு வந்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். காலையில் பச்சை மொத்தமும் பாலாடை மாதிரி மேலே ஏறி நின்றது. சாதாரணப் பச்சைப்பாசி என்றால் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். இப்படி மிதப்பது அநேகமாக நீலப்பச்சைப்பாசி. பெயரில்தான் பாசி, பிறவியில் பாக்டீரியா. செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால், துண்டு போட்டு ஜன்னல் சீட்டுப் பிடிக்கிற ஆள் மாதிரி வெயில் படும் மேல்மட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் மற்ற பாசிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது.

இதில் சில வகைகள் நஞ்சு உண்டாக்குபவை. உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் அது செல்லுக்குள்ளேயே இருக்கும். துத்தம் பட்டுச் செல் உடைந்தால் எல்லாம் தண்ணீரில். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் குடிநீர் அணையில் பாசி பெருகி நாறுகிறது என்று மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேருக்கு ஈரல் பாதிப்பு, பெரும்பாலும் குழந்தைகள். என்ன நோய் என்றே முதலில் யாருக்கும் புரியவில்லை.

அப்புறம், செத்ததைத் தின்ன வேறு பாக்டீரியாக்கள் பெருகும். அவை ஆக்சிஜனை இழுத்துவிடும். பச்சையேறிய குளத்தில் ஏற்கெனவே விடிகாலையில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. பகலில் உண்டானதை ராத்திரி எல்லாமாகச் சேர்ந்து தீர்த்துவிடுகின்றன. கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளப்பதைக் காலை நடைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, இதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது? 1973-ல் கனடாவில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம்தான் பச்சையானது.

நமக்குத் திரையெல்லாம் வேண்டாம். கிழக்கு மூலையில் பாஸ்பரஸைச் சுமந்துகொண்டு சாக்கடைக் குழாய் வந்து விழும் இடத்தில்தான் பச்சை முதலில் ஏறியது, போட்டோ இருக்கிறது. துத்தத்துக்கு வசூல் செய்வதை விட்டுவிட்டு அந்தக் குழாயைத் திருப்ப மனு கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பாட்டிலைக் கொண்டுவருகிறேன். யாரும் மூடியைத் திறக்காதீர்கள், நாற்றம் தாங்காது.