ஐபியை மறைத்தால் ஆள் மறைந்துவிடுமா?

யூடியூபில் எந்த டெக் வீடியோவைத் திறந்தாலும் நடுவில் ஒருவர் வந்து, "உங்கள் ஐபி முகவரி எல்லோருக்கும் தெரிகிறது, உடனே இந்த விபிஎன்னைப் போடுங்கள், லிங்க் கீழே" என்று பயமுறுத்துகிறார். ஐபி என்பது இணையத்தில் நம் இணைப்புக்கான முகவரி எண்; விபிஎன் என்பது நம் இணைப்பை வேறொருவர் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பி அந்த எண்ணை மறைக்கும் சேவை. ஐபி தெரியத்தான் செய்யும். ஆனால் அதை வைத்து ஒரு சாதாரண இணையதளம் கண்டுபிடிப்பது எந்த நெட்வொர்க், ஏறக்குறைய எந்த ஊர் என்பதைத்தான். செல்போன் டேட்டாவில் அதுவும் குழப்பம், ஒரே ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரியைப் பலருக்குப் பங்குபோட்டுத் தருகிறார்கள், பாளையங்கோட்டையில் இருப்பவரைச் சென்னை என்று காட்டும். அந்த நிமிடம் அதைப் பயன்படுத்தியது இன்னார்தான் என்று சொல்லக்கூடியது நெட் கொடுக்கும் கம்பெனி. போலீசும் அங்கேதான் போய்க் கேட்கும்.

விபிஎன் போட்டால் அந்தக் கம்பெனியின் கண் மறைகிறது, சரி. அதற்குப் பதில் நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது விபிஎன்காரருக்குத் தெரிகிறது. ஆக, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் யார்?

இலவச விபிஎன் என்றால் எனக்கு அடிவயிறு கலங்குவது இதனால்தான். ஒனாவோ என்று ஒன்று இருந்தது. 2013-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது, பாதுகாப்பு ஆப் என்று மக்கள் போட்டுக்கொண்டார்கள், அதன் வழியாகப் போட்டிக் கம்பெனிகளின் ஆப்களை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் வேவு பார்த்தது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து போய்ச்சேர்ந்தது. (இதை ஃபேஸ்புக்கிலேயே எழுதுகிறேன், தெரியும்.) ஹோலா இன்னும் மோசம். இலவசமாகப் போட்டுக்கொண்டவர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015-இல் அம்பலமானது. அதாவது முகம் தெரியாத எவனோ செய்யும் காரியம் உங்கள் ஐபியிலிருந்து வெளியே போகும். யூஎஃப்ஓ விபிஎன் "நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை" என்று சத்தியம் செய்தது. 2020-இல் பார்த்தால் பயனர்களின் ஐபி, பாஸ்வேர்டு எல்லாம் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தன.

நம் ஊர்க் கதை வேறு. 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த ஐபி எல்லாவற்றையும் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும், அவர் கணக்கை மூடிவிட்டுப் போன பிறகும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் என்று வரிசையாக இந்தியாவில் இருந்த சர்வர்களை மூட்டை கட்டின. ஆளை மறைப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கும் ஒன்றில் ஆளின் ஜாதகத்தையே எழுதிவை என்றால் என்ன அர்த்தம்? குற்றவாளியைப் பிடிக்கத்தான் என்பார்கள். குற்றம் செய்கிறவன் இதையெல்லாம் பார்த்துப் பதிவுசெய்தா வருவான்?

இன்னொன்று, விபிஎன்னைப் போட்டுவிட்டு ஜிமெயிலில் லாகின் ஆகியே இருக்கிறவர்களை என்ன சொல்ல. ஐபி நெதர்லாந்து என்கிறது, பிரவுசரோ நேர மண்டலம் கொல்கத்தா, மொழி தமிழ் என்று கேட்காமலே ஒப்பிக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து இந்திய நேரம் வைத்திருக்கும் தமிழர் எத்தனை பேர்?

2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டுப் புரளி மின்னஞ்சல் அனுப்பினார். இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு ஐபியை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாகத்தான் அனுப்பினார், ஐபி மாட்டவில்லை. ஆனால் பல்கலைக்கழக வைஃபையிலேயே உட்கார்ந்து டோருக்குப் போயிருந்தார். அந்த நேரத்துக்கு முன்னால் வளாகத்திலிருந்து டோரைத் தொட்டவர்கள் யார் என்று பார்த்தார்கள், கதவைத் தட்டினார்கள், ஒப்புக்கொண்டார். முகமூடி கச்சிதம்தான், போட்டிருந்தவர்கள் கொஞ்சம் பேர் என்பதுதான் சிக்கல்.

அதற்காக விபிஎன்னே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கியபோது மக்களுக்குக் கைகொடுத்தது அதுதான். நல்ல விபிஎன்னும் இருக்கிறது. ஸ்வீடனின் முல்வாட் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை, கணக்கு எண் ஒன்றைத் தருகிறது, அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் போலீஸ் வாரண்டோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போனது, போலீஸ் தேடிய வாடிக்கையாளர் விவரமே அங்கே இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. மாதம் 5 யூரோ. அவ்வளவு முடியாது என்றால் டோர் பிரவுசர் இருக்கிறது, இலவசம், பின்னால் லாபம் பார்க்கும் கம்பெனியும் இல்லை. என்ன, ஆமை வேகம், அப்புறம் பல தளங்கள் கேப்சா (நீங்கள் மனிதர்தானா என்ற சோதனை) கேட்டே உயிரை வாங்கும்.