ஓசூரில் வாங்கி பெங்களூரில் ஓட்டலாமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பைக் வாங்கக் கிளம்பும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, ஓசூர்ல எடுத்தா பதினாறாயிரம் கம்மியாமே, எடுத்துடவா?" உடனே பக்கத்தில் இருக்கும் யாராவது, "எடுக்காதே, வாரண்டி கிடைக்காது, இங்கே சர்வீஸ்ல வண்டியைத் தொடவே மாட்டாங்க" என்று பயமுறுத்துவார். எனக்கு அந்தப் பதிலோடுதான் சண்டை. ஓசூரில் எடுக்காதே என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் வாரண்டி இல்லை.

முதலில் அந்தப் பதினாறாயிரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். ஆக எக்ஸ்-ஷோரூம் விலையில், அதாவது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேர்ப்பதற்கு முந்தைய விலையில், ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் பெரும்பாலும் ரோடு டாக்ஸ்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபிறகு, ஒரு லட்சம் வரையிலான புது இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், ஒரு லட்சத்துக்கு மேல் 12 சதவீதம். கர்நாடகத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே 18 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் வேறு. வரிக்கு வரி! இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு ஓசூரில் 24,000 கட்டினால், பெங்களூரில் கிட்டத்தட்ட 40,000 கட்ட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிவிஎஸ் அப்பாச்சி பைக் தயாராவதே ஓசூரில்தான். தொழிற்சாலை வாசலில் இருந்து ஜூஜூவாடி தாண்டி கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் அதே வண்டிக்கு விலை ஏறிவிடுகிறது. இன்சூரன்ஸிலும் சின்ன லாபம் உண்டு. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனால் சொந்தச் சேதத்துக்கான பகுதியில் பெங்களூர், சென்னை மாதிரி பெருநகரங்கள் 'ஏ' மண்டலம், ஓசூர் 'பி' மண்டலம். சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

சரி, வித்தியாசம் உண்மை. அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கிற, அல்லது தொழில் செய்கிற, வண்டி வழக்கமாக நிற்கிற மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். ஓசூரில் குடும்பத்தோடு இருந்துகொண்டு தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஓசூர் பதிவான டி.என். 70 நம்பர் போட்டுக்கொண்டு ராஜாவாக ஓட்டலாம். ஆனால் பெங்களூர் கோரமங்களாவில் பி.ஜி. விடுதியில் இருக்கிற பையனுக்கு ஓசூரில் ஏது முகவரி? அதற்குத்தான் "அட்ரஸ் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று ஒரு ஆள் வருவார். ஒரு வாடகை ஒப்பந்தம் தயாராகும். பார்த்திராத தெருவில், தெரியாத வீட்டுக்காரரோடு.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இருக்கிற முகவரி உங்களுடையது இல்லை. அபராத நோட்டீஸ் அங்கே போகும். பெரிய விபத்து நடந்து இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டால் முகவரியைப் பற்றிய கேள்வியும் கூடவே வரலாம். 2017-இல் கேரளத்தில் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தவர்கள் மேல் வழக்குப் போட்டது இதற்காகத்தான். கார் பெரியது என்பதால் செய்தியானது. பைக்குக்கும் சட்டம் அதேதான்.

அப்புறம் பன்னிரண்டு மாதக் கணக்கு. 47-ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது என்றால் லேசில் முடியாது. ஓசூர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கியிடம் இன்னொரு என்.ஓ.சி., கர்நாடக வரி, புது நம்பர் பிளேட், பிறகு தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸாக மொத்தமாகக் கட்டிய ஆயுள்கால வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம். அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். 'வண்டி இப்போதுதான் இங்கே வந்தது' என்று சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் சமாளிக்கலாம் என்கிறார்கள். எல்லா சர்வீஸும் பெங்களூரில் விட்டிருப்பீர்கள், தேதியோடு கணினியில் இருக்கும். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உண்மையில் சரிசெய்ய வேண்டியது இந்த ஆயுள்கால வரியைத்தான். வேலைக்காக ஊர் மாறுகிறவனிடம் பல வருட வரியை முதல் நாளே மொத்தமாக வாங்குவதில் என்ன நியாயம்? 2021-இல் பி.எச். (பாரத்) சீரிஸ் என்ற நம்பர் முறையைக் கொண்டு வந்தார்கள். வரியை இரண்டு இரண்டு ஆண்டாகக் கட்டலாம், மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும். டீக்கடை வைக்க ஊர் மாறுகிறவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? உங்களுக்குத் தகுதி இருந்தால் ஓசூரை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது வாரண்டி.

கம்பெனி வாரண்டி வண்டிக்குத்தான், டீலருக்கு இல்லை. ராயல் என்ஃபீல்டு 350-க்கு 3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், டிவிஎஸ்ஸில் பெரும்பாலான மாடல்களுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 கிலோமீட்டர். இது இந்தியா முழுக்க எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். இலவச சர்வீஸும் அப்படித்தான். நாடு தாண்டினால் கதை வேறு. 2007-இல் கனடா டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமானபோது அங்கே பலர் எல்லை தாண்டிப் போய் பைக் வாங்கினார்கள், ஆனால் அமெரிக்காவில் விற்ற வண்டிக்குக் கனடாவில் வாரண்டி தர சில கம்பெனிகள் மறுத்தன. அந்த மாதிரிக் கதையைக் கேட்டுத்தான் நம்மாட்கள் அத்திப்பள்ளிக்கும் பொருத்திவிட்டார்களோ என்னவோ.

ஆனால் டீலர் முகம் சுளிப்பதும் பொய்யில்லை. கோயம்புத்தூரில் எடுத்த என் வண்டியோடு பெங்களூருக்கு வந்த புதிதில், மழைக்குப் பிறகு மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி கட்டி எண்ணே தெரியவில்லை. சர்வீஸ் அட்வைசர் சேசிஸ் நம்பரைத் தட்டினார். எப்போது விற்றது, எந்த சர்வீஸ் எங்கே செய்தது எல்லாம் திரையில் வரிசையாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது வேற டீலர் வண்டி சார். வாங்கின இடத்துலயே காட்டுங்க." முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போய்க் காட்ட வேண்டுமாம்!

இதன் பின்னால் இருப்பது கணக்கு. வாரண்டியில் மாற்றும் பொருளுக்கும் கூலிக்கும் டீலர் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். கூலி கம்பெனி வைத்த ரேட். பழைய பாகத்தைச் சோதனைக்கு எடுத்து வைக்க வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் நஷ்டம் அவர் தலையில். சொந்த வாடிக்கையாளர் என்றால் நாளை தம்பிக்கு வண்டி எடுப்பார் என்று பொறுத்துக்கொள்வார். வெளியூர் நம்பரைப் பார்த்தால் அந்த ஆசை இருக்காது. அவர் நிலைமை புரிகிறது. அதற்காக என் உரிமையை நான் ஏன் விட வேண்டும்?

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுக்கிறீர்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள்." வண்டியின் குறையையும் செய்யும் வேலையையும் சர்வீஸில் பதியும் தாள்தான் ஜாப் கார்டு. யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் அது அவர்களுக்கு எதிரான ஆதாரம். ஜாப் கார்டு எண்ணோடு கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மெயில் போட்டேன், மீட்டர் ஆர்டர் ஆகிவிட்டது.

எல்லா மறுப்பும் ஏமாற்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் எல்லாம் தேய்மானக் கணக்கு. டயருக்கும் பேட்டரிக்கும் அதைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு. வெளியே ஃபாக் லைட் மாட்ட ஒயரிங்கை வெட்டியிருந்தால் எலெக்ட்ரிக்கல் வாரண்டியைக் கேட்கவே முடியாது. வாங்கும்போது டீலர் தன் பெயரில் விற்கிற பராமரிப்பு பேக்கேஜ் அந்த டீலரிடம் மட்டும்தான் செல்லும். ஊர் மாறப் போகிறவர்கள் அதற்குப் பணம் கட்டாதீர்கள். நீட்டிப்பு வாரண்டி எடுப்பதானால் கம்பெனியுடையதுதானா என்று ரசீதில் பார்த்து எடுங்கள்.

மெயிலுக்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டியை வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.