இன்னும் வெளிக்கிடேல்லை

போன மாதம் பலாலியிலிருந்து சென்னைக்குப் போனேன். சின்ன ஏடிஆர் விமானம், இரண்டு பக்கமும் விசிறி. வெயிலுக்குள் நடந்துபோய்ப் பின்கதவால் ஏறினோம். பக்கத்துச் சீற்றில் ஒரு ஐயா, லண்டனில் இருக்கிற மகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியாச்சு, விசிறி சுற்றுது, விமானமும் மெல்ல உருளத் தொடங்கிவிட்டது. பணிப்பெண் வந்து போனை வைக்கச் சொன்னார். ஐயா அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மகளிடம் சொன்னார்: "இல்லைப் பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லை."

ஐயாவில் பிழை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த நேரம் ஒரு கணக்கில் வராத நேரம்தான். சில்லு நிலத்தை விட்டால்தான் பயணம். ஆனால் முன்னால் அந்தச் சின்ன அறைக்குள் இருக்கிற இரண்டு விமானிகளுக்கும் எப்பவோ வெளிக்கிட்டாச்சு.

ஓடுபாதைக்கு உருண்டு போவதை அவர்கள் 'ரக்சி' என்பார்கள். பெயரைக் கேட்டால் ஆஸ்பத்திரிச் சந்தியில் வாடகைக் கார் பிடிப்பதுபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு. கப்டன் தன் இடது கைப்பக்கம் இருக்கிற சின்னப் பிடியால் முன்சில்லைத் திருப்பி ஓட்டுகிறார். மற்றவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைக்கிறார், அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கிறார். எந்தப் பாதையால் போவது, எந்தக் கோட்டில் நிற்பது, எந்த ஓடுபாதையில் ஏறுவது, இவ்வளவும் இந்த மெதுவான ஓட்டத்துக்குள்தான் முடிய வேண்டும். மெதுவாகப் போவதுதான் இதில் ஆபத்தே. மெதுவாகப் போகும்போது வாய் சும்மா இருக்காது.

2006 ஓகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். விடிவதற்கு முந்திய இருட்டு. கொமேர் நிறுவனத்தின் 5191ஆம் இலக்க விமானம், 50 பேர். போக வேண்டியது 22ஆம் இலக்க ஓடுபாதை, 7003 அடி நீளம். அவர்கள் ஏறியது 26ஆம் இலக்கம், 3500 அடி, சரி பாதி. உருண்டு போகையில் இரண்டு விமானிகளும் ஏறக்குறைய 40 செக்கன் வேலைக்குச் சம்பந்தமில்லாத கதை கதைத்திருக்கிறார்கள். கோபுரத்தில் ஒரே ஒரு ஆள். அவரும் அந்த நேரம் முகத்தைத் திருப்பி வேறு வேலையில். ஓட்டம் தொடங்கிய பிறகு துணை விமானி, வெளிச்சம் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கே என்று சொல்கிறார், கப்டனும் ஆம் என்கிறார். நிறுத்தவில்லை. 49 பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது அந்தத் துணை விமானி மட்டும்.

அந்த 'ஒரு மாதிரி இருக்கே' என்னை விடுவதில்லை. கண் கண்டுவிட்டது, வாயும் சொல்லிவிட்டது. அதைப் பிடித்து யோசிக்க மனம்தான் அங்கே இல்லை.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. 1974இல் சார்லட் நகரத்தில் ஈஸ்டேர்ன் விமானம் ஒன்று இறங்கும்போது விழுந்தது. விமானிகள் அரசியலும் பழைய கார்களும் கதைத்துக்கொண்டு வந்தது ஒலிப்பதிவில் இருந்தது. அதற்குப் பிறகு 1981இல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது: தரையில் உருளும்போதும், ஏறி இறங்கும்போதும், பத்தாயிரம் அடிக்குக் கீழேயும் வேலைக்கு வேண்டாத பேச்சு, வேண்டாத காரியம் எதுவும் கூடாது. விதி வந்து ஏழு வருசத்தில், 1988இல், டலஸில் டெல்ரா விமானம் ஒன்றின் விமானிகள் வரிசையில் காத்து நின்ற நேரம் பணிப்பெண்ணோடு நல்லாகக் கதைத்திருக்கிறார்கள். விமானம் மேலெழ உதவுகிற, இறக்கையின் பிளாப்பை இறக்காமலே ஓடத் தொடங்கி, 14 உயிர். இன்னும் கிட்டத்தில், 2009இல் பஃபலோவுக்குக் கிட்ட விழுந்த விமானத்தின் துணை விமானி, தரையில் உருளும்போதே தன் போனில் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். விபத்துக்குக் காரணம் அது இல்லை, வானத்தில் நடந்த வேறொரு பிழை. ஆனாலும் அந்த அறைக்குள் போன் எப்படிப் புழங்கியது என்று பாருங்கள்.

"அவையளும் மனுசர்தானே, வாயைக் கட்டிக்கொண்டு இருக்கேலுமோ?" என்று ஒரு நண்பன் கேட்டான். வாயைக் கட்டச் சொல்லவில்லையே. 1977இல் ஸ்பெயினின் தெனெரிஃபெ தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் செத்த அன்று, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானத்தின் பொறியியலாளர் கேட்டிருக்கிறார். கப்டன் அதைத் தட்டிவிட்டுப் போனார். அங்கே இன்னும் சத்தமாகக் கதைத்திருக்க வேண்டும். வீண்கதையை நிற்பாட்டச் சொல்வதே, இப்படி ஒரு கேள்வி வந்தால் காதில் விழட்டும் என்றுதான்.

எங்கட ரோட்டைப் பற்றிச் சொல்லப் போனால் பதிவு முடியாது. தோளுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு மினிபஸ்ஸை ஸ்ராண்டிலிருந்து பின்னுக்கு எடுக்கிற தம்பியைப் போன கிழமையும் பார்த்தேன். கேட்டால் அவரும் இன்னும் வெளிக்கிடேல்லை என்றுதான் சொல்வார்.

என் பெரியப்பா இ.போ.ச. பஸ் சாரதி. யாழ்ப்பாணம் – பருத்தித்துறை ஓட்டம். பஸ் ஸ்ராண்டை விட்டு எடுத்தால் நல்லூர் முத்திரைச் சந்தி தாண்டும்வரை ஒருத்தருக்கும் மறுமொழி இல்லை. சனம், சைக்கிள், மாடு, எல்லாம் அந்தத் துண்டுக்குள்தான் என்பார். கொண்டக்டருக்குத் தெரியும், கிட்டப் போக மாட்டார். எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் கணக்குக்கு 92 எடுத்த அன்று சீற்றுக்குப் பின்னால் நின்று, "பெரியப்பா, பெரியப்பா" என்று மூன்று தரம் கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோப்பாய் தாண்டிய பிறகு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

"மிச்சம் எட்டையும் எங்கையடா விட்டனி?"