பன்னிரண்டு மாடி வரட்டும், முதல்ல அந்த லோங்காங் வாய்க்காலைப் பாருங்க

ரொம்ப நாளாச்சு நான் இங்க நீட்டி எழுதி. காலையில அஞ்சரைக்கு வேனை எடுத்தா ரெண்டாவது டிரிப் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்கு மத்தியானம் மூணாயிடும், அப்புறம் எங்க எழுதுறது. ஆனா ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல நடந்த கூட்டம் மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. வாட்ஸ்அப் குரூப்புல போட்டா யாரும் படிக்காம கும்பிடு ஸ்டிக்கர் போட்டுட்டுப் போயிடுவாங்க, அதனால இங்கயே கொட்டிடறேன். நீளமாத்தான் இருக்கும். பிடிக்கலன்னா தாண்டிப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு. மலேசியாவுல எங்க தாமானுக்கு, அதான் குடியிருப்புக்குப் பின்னால பழைய தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) வீடு இருந்த மேடு இருக்குல்ல, சுத்தி செம்பனை எண்ணெய் மரம், அந்த இடத்துல ரெண்டு புளோக் அபார்ட்மெண்ட் வரப்போகுது. பன்னிரண்டு மாடி, மொத்தம் 320 வீடு, அதுல ஒரு பங்கு குறைஞ்ச விலை வீடு. எங்க கடைசி வரிசை பதினாலு வீட்டுக்கு மட்டும் மாஜ்லிஸ்லருந்து (உள்ளாட்சி மன்றம்) ஒரு சூராட், அதான் கடிதம் வந்துச்சு, மறுப்பு இருந்தா எழுதிக் குடுங்கன்னு. இந்த ஊருல இதுவரைக்கும் உசரமானதுன்னா டெலிபோன் கோபுரம், அதுக்கு அடுத்தது கோயில் கோபுரம். அதனால பன்னிரண்டு மாடின்னதும் எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

கூட்டத்துக்கு அறுபது பேராவது வந்திருப்பாங்க. கோயில் கணக்கு வழக்குக் கூட்டத்துக்குப் பதினஞ்சு பேரு வர்றதே பெரிசு. ஆளாளுக்குப் பேசினாங்க, வெய்யில் மறைக்கும், துணி காயாது, மேலருந்து எட்டிப் பார்த்தா அடுப்படி தெரியும், வீட்டு விலை விழுந்துடும், காடி நிறுத்த இடம் இருக்காது, எல்லாம் நியாயமான பேச்சுதான். அப்புறம் முன்வரிசையில இருந்த ஒரு அண்ணன், பேரு வேணாம், எழுந்து "இதெல்லாம் விடுங்கப்பா, பிளாட்டு வந்தா பிளாட்டுக்காரன் வருவான், அதை முதல்ல எழுதுங்க, கேங்கு, கஞ்சா, திருட்டு, நாளைக்கு நம்ம பொம்பளப் பிள்ளைங்க தெருவுல நடக்க முடியாது"ன்னாரு. மண்டபமே கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன், பொய் சொல்லல. தட்டி முடிச்சுத் திரும்பினா எங்க வீட்டம்மா கை ரெண்டும் மடியிலயே இருக்கு. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. கேட்டைப் பூட்டும்போது மட்டும் "உங்க தங்கச்சி எங்க குடியிருக்கா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

என் தங்கச்சி பட்டர்வொர்த் பக்கம் ஒரு பிளாட்டுல நாலாவது மாடி. அஞ்சு மாடி, லிப்ட் கிடையாது, அந்தக் காலத்து ருமா பங்சா. கல்யாணம் ஆகிப் போனதுலருந்து அங்கதான். கேஸ் தோங் தூக்கிட்டு வர்றவனுக்கு மாடிக்கு இவ்வளவுன்னு தனிக் காசு. படிக்கட்டு லைட் எரியாது, ஏன்னா பாதி வீடு மெயின்டனன்ஸ் கட்டறதில்ல, கட்டாததால லைட் மாத்தறதில்ல, லைட் எரியாததால மிச்சப் பேரும் கட்டறதில்ல.

அவ மாமியார் தவறினப்ப நான் கிட்டயே இருந்தேன். பெட்டி கொண்டு வந்தவங்க படிக்கட்டை ஒரு பார்வை பார்த்துட்டு மேல வராது அண்ணேன்னுட்டாங்க. திருப்பத்துல பெட்டி திரும்பாது. கடைசியில அந்தம்மாவை ஒரு பூப்போட்ட போர்வையில வச்சு நாலு பேரு நாலு முனையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினோம், முன்னால ஒருத்தன் போன் லைட் அடிச்சுக்கிட்டே போறான். ரெண்டாவது மாடி திருப்பத்துல அந்தம்மா கால் கைப்பிடிக் கம்பியில இடிச்சிடுச்சு. மேலருந்து என் தங்கச்சி, "மெதுவாண்ணே, அவங்களுக்கு முட்டி வலி"ன்னு கத்தினா.

கார் பார்க்குல ரெண்டு லாட்டை மறிச்சு கெனோப்பி போட்டு, காடிங்க வந்து போற நடுவுலதான் சடங்கெல்லாம் நடந்துச்சு. பக்கத்து புளோக்கு மலாய்க்காரங்க அவங்களாவே காடியைத் தள்ளிப் போட்டுக் குடுத்து நாற்காலியும் கொண்டாந்து போட்டாங்க. இவங்கதான் அண்ணன் சொன்ன பிளாட்டுக்காரங்க.

நாம யாரு? இந்தத் தாமான்ல இருக்கிற முக்கால்வாசிப் பேரு தோட்டத்து லயத்துலருந்து வந்தவங்கதானே. ரப்பர் பால் விலை விழுந்து, பால்மரத்தை அழிச்சு செம்பனை போட்டு, செம்பனைக்கு இவ்வளவு ஆள் தேவையில்லன்னு வெளிய அனுப்பினப்ப, லோன் போட்டு ருமா முரா, அதான் மலிவு விலை வீடு வாங்கிட்டு இங்க வந்தோம். எனக்கு அப்ப பதினெட்டு வயசு. வந்த முதல் வாரம் டவுன்ல அரிசி வாங்கப் போன எங்கப்பா காதுபடவே கடைத் தவ்கே (முதலாளி) தன் மகன்கிட்ட சொன்னானாம், தோட்டத்து ஆளுங்க வந்துட்டாங்க, சைக்கிளை இனிமே பூட்டி வைன்னு. அப்பா முப்பது வருஷம் தோட்டத்துல விடியக்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போன மனுஷன், ஒரு நாள் பிந்தினதில்ல. அந்தக் கடைக்கு அப்புறம் சாகுற வரைக்கும் போகல.

அந்த வீட்டுக்கு யாரு வரப்போறாங்கன்னும் கொஞ்சம் யோசிங்க. கூலிம் ஹை-டெக் பார்க் 1996-ல திறந்தாங்க, அப்ப நம்ம பிள்ளைங்க விடியக்காலையில பேக்டரி பஸ் ஏறிப் போயிட்டு வந்தாங்க. அப்புறம் 2024-ல மட்டும் ஏடி அண்ட் எஸ் பேக்டரி ஒண்ணு, இன்பினியோன் சிப் பேக்டரி ஒண்ணுன்னு அங்க அடுத்தடுத்துத் திறந்தாச்சு. வேலை வருது, படுக்க இடம்? என் மூத்தவன் அங்கதான் டெக்னீஷியன். ஒரு தரை வீட்டுல ஏழு பேரோட வாடகை ரூம், ஷிப்ட் மாறும்போது இவன் எழுந்தா இன்னொருத்தன் அதே மெத்தையில படுக்கிறான். இங்க தரை வீடு பார்த்தான், பேங்க்ல சம்பளத்தைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லிட்டாங்க, அது மூணு வருஷத்துக்கு முன்னால. போன வாரம் போன்ல "அப்பா, அந்த புளோக்கு விலை என்னன்னு கேட்டுச் சொல்லுங்களேன்"ங்கிறான். நான் அன்னிக்குத்தான் அதை எதிர்த்துக் கைதட்டிட்டு வந்திருக்கேன்.

சரி, அப்ப கட்டட்டும்னு விட்டுடலாமா? அதுவும் இல்ல. அந்த பிளான்ல கேக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு, கூட்டத்துல அதைப் பத்திப் பேசினவங்க ரெண்டே பேரு.

முதல்ல லோங்காங். எங்க பின்பக்க லோங்காங் ரெண்டடி அகலம், தாமான் கட்டினப்ப போட்டது. மேட்டுலருந்து வர்ற தண்ணியெல்லாம் இதுலதான் இறங்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அக்டோபர் மழையில அடுப்படிக்குள்ள முழங்கால் தண்ணி, அரிசி டின்னைத் தூக்கி பிரிட்ஜ் மேல வச்சோம், மறுநாள் எங்க வாசல்ல ஏழு ஜோடி செருப்பு, ஒண்ணுகூட எங்க வீட்டுது இல்ல. இது மேட்டுல செம்பனை நின்னு மண்ணு தண்ணியைக் குடிச்ச காலத்துக் கதை. அதே மேட்டுல சிமெண்டும் தாரும் போட்டா ஒரு சொட்டு உள்ள போகாது, அத்தனையும் ஒரே நேரத்துல கீழ இறங்கும். இதுக்குன்னே நீர்ப்பாசன வடிகால் இலாகா, அதான் ஜே.பி.எஸ்., 2000-ல மானுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம்னு ஒரு கையேடு போட்டு 2012-ல திருத்தியும் வச்சிருக்கு. அதுல அடிப்படையே என்னன்னா, கட்டடம் வர்றதுக்கு முன்னால அந்த நிலத்துலருந்து உச்ச மழையில எவ்வளவு வேகமா தண்ணி வெளிய வந்துச்சோ, கட்டினப்புறம் அதுக்கு மேல வரக்கூடாது. அதுக்குத்தான் தண்ணியைத் தேக்கி மெல்ல விடற கோலாம் தாக்குஙான். அப்ப நம்ம கேள்வி, அந்தக் குளம் பிளான்ல எங்க இருக்கு, எவ்வளவு பிடிக்கும், பிடிச்ச தண்ணி எந்த லோங்காங்குல இறங்கும், நம்ம ரெண்டடியிலயா? குளத்தை யாரு தூர் வாருவாங்க? இதைக் கேட்டா பதில் சொல்லியே ஆகணும். பிளாட்டுக்காரன் கெட்டவன்னு எழுதினா படிச்சுட்டு ஓரமா வச்சுடுவாங்க.

அடுத்தது ரோடு, இது என் ஏரியா, இருபது வருஷமா வேன் ஓட்டறேன். போக வர ஒரே ரோடு, அதுவும் தமிழ்ப்பள்ளி வாசலைத் தொட்டுக்கிட்டு. காலையில ஆறே முக்காலுக்கும் ஏழே காலுக்கும் நடுவுல அங்க ஒரு மோட்டர் சைக்கிள் குறுக்க வந்தாக்கூட வரிசை சொசோ கடை வரைக்கும் போயிடும். 320 வீடுன்னா வீட்டுக்கு ஒரு காடி ஒரு மோட்டர்னு வச்சாலும் 640 வண்டி. எங்கயோ பறக்கும் பாலம் போடச் சொல்லல நான். மேட்டுக்குப் பின்னால பழைய பால் லாரி போன செம்மண் பாதை இன்னும் இருக்கு, நேரா பெரிய ரோட்டுல போய் ஏறுது, வயசானவங்களுக்குத் தெரியும். அதை முதல்ல ரோடா போட்டுட்டு அப்புறம் கட்டடம் கட்டுங்கன்னு கேக்கறோம், கட்டும்போது வர்ற மண்ணு லாரியும் பள்ளி வாசல்ல வராது.

மேட்டு மூலையில மரத்தடியில இருக்கிற முனீஸ்வரன் கோயில் விஷயத்தையும் இப்பவே எழுதணும். நான் மாஜ்லிஸ் கவுண்டர்ல பார்த்த பிளான்ல அந்த மூலை வெறும் பச்சைக் கலர், கோயிலும் இல்ல மரமும் இல்ல. புல்டோசர் வந்தப்புறம் ஒய்.பி.க்கு (மக்கள் பிரதிநிதி) போன் அடிச்சு வீடியோ எடுத்து அழுது பிரயோஜனம் இல்ல.

இனி சட்டம், ஏன்னா "எங்களுக்கு ஏன் சூராட் வரல"ன்னு பாதிப் பேரு கூட்டத்துல சண்டை. நகர, கிராமத் திட்டச் சட்டம் 1976, ஆக்ட் 172, அதுல 21-வது பிரிவு. பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு எழுத்துல தெரியப்படுத்தணும், நோட்டிஸ் கையில குடுத்ததுலருந்து 21 நாளைக்குள்ள நாம காரணத்தோட மறுப்பு எழுதணும், நேர்ல பேசணும்னு அந்தக் கடிதத்துலயே கேட்டிருந்தா கூப்பிட்டுக் கேக்கணும். பக்கத்து நிலம்னா முக்கியமா ஒட்டி இருக்கிறது, இல்லன்னா நடுவுல 20 மீட்டருக்கு மிகாத ரோடோ சந்தோ லோங்காங்கோ இருக்கிறது. முன் வரிசை வீடுங்களுக்கு வராததுக்கு அதான் காரணமா இருக்கும், சதி இல்ல. இன்னொன்னு, ஒரு இடத்துக்கு ரஞ்சாங்கான் தெம்பாத்தான், அதான் உள்ளூர்த் திட்டம், ஏற்கெனவே இருந்தா இந்த நோட்டிஸ் குடுக்கணும்னே அந்தச் சட்டத்துல கட்டாயம் இல்ல. அந்தத் திட்டத்தை வரைவா மக்கள் பார்வைக்கு வைக்கும்போதே நாம போய்ச் சொல்லணும். மஞ்சள், பச்சைன்னு கலர் அடிச்ச மேப் மாட்டி வச்சிருப்பாங்க, நம்மாளு யாரு போய்ப் பார்க்கறான்? நானும் பார்த்ததில்ல.

கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா கேஸ் ஞாபகம் இருக்கா? பார்க் நிலத்துல எட்டு உசரக் கட்டடம் வரப்போகுதுன்னு பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து பண்ணுச்சு, 2023 ஏப்ரல்ல கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்துச்சு. அவங்க ஜெயிச்சது எங்களுக்கு அந்த ஆளுங்க பிடிக்கலன்னு சொல்லி இல்ல. திட்டத்துல பச்சை நிலம்னு போட்டுட்டு ஏன் மாத்தினீங்க, காரணம் எங்க, அனுமதி குடுத்த முறை சரியான்னு கேட்டு ஜெயிச்சாங்க. ஆனா அதே திட்டத்துக்குள்ளதான் பழைய புக்கிட் கியாரா தோட்டத்து ஆளுங்களுக்கான வீடும் இருந்துச்சு, பல பத்து வருஷமா நீள வீட்டுல காத்துக்கிட்டிருந்த நம்ம ஜனங்க. பார்க்கைக் காப்பாத்தினவங்களும் அந்தக் குடும்பங்களுக்கு வீடு வேணாம்னு சொல்லல. அதான் எனக்குப் பிடிச்சது.

அதனால கடிதம் இப்படி எழுதியிருக்கேன். லோங்காங், குளம், பால் லாரி ரோடு, கோயில் மூலை. அதுக்குக் கீழ, குறைஞ்ச விலை வீட்டைக் கடைசிக்குத் தள்ளாம முதல் கட்டத்துலயே கட்டணும். லிப்ட் ஸ்ட்ரெச்சர் நுழையற அளவு இருக்கணும். நல்லது கெட்டதுக்குக் கீழ் மாடியில ஒரு திறந்த கூடம் வேணும், கார் பார்க் இல்ல, கூடம். அப்புறம் மெயின்டனன்ஸ் காசு. 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி மாசக் கட்டணத்துக்கு மேல அதுல பத்து சதவீதம் சிங்கிங் பண்டுக்கும் கட்டணும், லிப்டை மாத்தறதெல்லாம் அதுலதான், வாங்கற சனத்துக்கு இதை விக்கும்போதே விளக்கிச் சொல்லணும்னு. இதெல்லாம் நாம ஏன் கேக்கணும், அங்க குடிவர்றவன் கேக்கட்டுமேன்னு செயலாளர் கேட்டாரு. குடிவர்றவன் இப்ப எங்க இருக்கான் கேக்கறதுக்கு? ஏழு பேரு ரூம்ல தூங்கிட்டு இருக்கான்.

முன்வரிசை அண்ணன் வரியைச் சேர்க்கல. நேத்து வீட்டுக்கே வந்துட்டாரு, "ஏன்டா தம்பி என் பாயிண்டை எடுத்துட்ட?"ன்னு. நான் தங்கச்சி மாமியார் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு தேத்தண்ணியைக் குடிச்சாரு, "அது வேற இது வேற"ன்னாரு. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போனாரு, லோங்காங்குக்காக. போதும்.

நோட்டிஸ் கணக்குப்படி வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் வியாழக்கிழமை முதல் டிரிப் முடிஞ்சதும் கொண்டு போய் முத்திரை வாங்கிட்டு வரேன். கடைசி வரிசை பதினாலு வீடும் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரோட கையெழுத்து போடணும், மத்த வரிசைக்காரங்க தனிக் கடிதமா குடுங்க, சேர்த்து வைக்கிறேன். வெள்ளத்தப்ப எடுத்த படம் யாருகிட்டயாவது இருந்தா தேதியோட அனுப்புங்க, அவசரம். எங்கிட்ட இருக்கிற ஒரே நல்ல படத்துல எங்க வீட்டம்மா நைட்டியைத் தூக்கிச் சொருகிட்டு துடைப்பத்தோட நிக்கிறாங்க, அது மாஜ்லிஸுக்குப் போனா அடுத்த மறுப்புக் கடிதம் எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க.