அன்றைக்கும் வகுப்பு நடக்கட்டும்

ஏப்ரல் 16 பிறக்கும் நள்ளிரவில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 24 மணி நேரம் அது எரியும். 2007இல் அதே நாளில்தான் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். 27 மாணவர்கள், 5 ஆசிரியர்கள். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை.

அந்த ஐவரில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். நம் கோபிசெட்டிபாளையத்துக்காரர். அந்த 'ஜி' கோபிதான். கோவை பி.எஸ்.ஜி.யில் படித்து, கான்பூர் ஐஐடி, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் என்று போய், கால் நூற்றாண்டு வர்ஜீனியா டெக்கில் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். நாரிஸ் ஹால் கட்டடம், 206ஆம் அறை. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவரும் அவருடைய மாணவர்கள் 9 பேரும் கொல்லப்பட்டார்கள். 204இல் 76 வயது லிவியு லிப்ரெஸ்கு, யூத இனப் படுகொலைக்குத் தப்பிப் பிழைத்தவர், மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதிக்கட்டும் என்று கதவை அடைத்துக்கொண்டு நின்று உயிரை விட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் 16 அன்று லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். புல்வெளியோரம் அரைவட்டமாக 32 கற்கள். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அந்த வளாகத்தின் பெரும்பாலான கட்டடங்கள் இதே கல்லில்தான் எழும்பியிருக்கின்றன. முதலில் மாணவர்களே கொண்டுவந்து வைத்தார்களாம், பல்கலைக்கழகம் அதையே நிரந்தரமாக்கியது. கொங்குப் பக்கத்து நடுகல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவை சண்டையில் விழுந்தவர்களுக்கு. இங்கே காலையில் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கல்.

அந்த நாளில் வகுப்பு வைக்கலாமா என்பது பெரிய கேள்வி. முதல் சில வருடங்கள் வைக்கவில்லை. 2012இல்தான் ஏப்ரல் 16 அன்று மறுபடி வகுப்புகள் நடந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அஞ்சே வருடத்தில் ஆறிவிட்டதா என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. பாடம் நடத்தும்போது போன ஆசிரியருக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டி அஞ்சலி செலுத்துவது எனக்கு ஒட்டவில்லை. நாரிஸ் ஹாலையும் அவர்கள் இடிக்கவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்த இரண்டாம் தளத்தில் 2009இல் வன்முறைத் தடுப்பு ஆய்வு மையம் வந்தது. அதை முதலில் நடத்தியவர் யார் தெரியுமா? அன்று கொல்லப்பட்ட பிரெஞ்சு ஆசிரியையின் கணவர். அந்த மாடிப்படியில் அவர் எப்படி ஏறியிருப்பார்!

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. விடுதியில் முதல் இரண்டு பேர் சுடப்பட்டது காலை 7:15க்கு. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. நாரிஸ் ஹாலில் சுடத் தொடங்கியது 9:40 வாக்கில். நடுவில் போன இரண்டு மணி நேரத்தையும் மலர்வளையத்தோடு சேர்த்து வருடா வருடம் பேச வேண்டும். பெற்றவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

நான் போயிருந்த அன்று காலை 9:43க்கு எல்லோரும் அமைதியாக நின்றோம். அப்புறம் கூட்டம் கலைந்தது. வகுப்பு விட்டு வந்த ஒரு பெண் கற்களுக்கு முன்னால் பையை இறக்கி வைத்தாள். காற்றில் சரிந்திருந்த ஒரு பூங்கொத்தை நிமிர்த்தி வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வேகமாக நடந்தாள்.